ஏழரை லட்சத்தை எந்தப் படியில் செலவழிப்பது? கோத்தகிரி மாணவி ஒருவரின் உளவியல் படிப்புக் கணக்கு

பி.எஸ்சி. உளவியல் படிக்க வங்கிக் கடன் வாங்கலாமா என்ற கேள்வியோடு 2024 மே மாதம் கோத்தகிரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று என்னிடம் வந்தது. அரசுப் பள்ளியில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் பெற்றோர்கள் கல்லூரிப் பிரசுரங்களைத் தூக்கிக்கொண்டு வருவது எங்கள் ஊரில் வழக்கம்தான். பெரும்பாலும் நர்சிங், பி.காம்., பொறியியல் என்றுதான் வருவார்கள். உளவியல் என்று வந்ததால் நானும் உட்கார்ந்து விசாரிக்க வேண்டியிருந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

குடும்பம்

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வண்டி. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவார். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். மகளிர் குழுவிலும் இருக்கிறார். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் தாத்தாவும் பாட்டியும். வீடு இருக்கிறது, வீட்டுக்குப் பட்டா இல்லை. இந்தப் பட்டா விஷயத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கில் பின்னால் பெரிதாக வரும்.

நல்ல மாதத்தில் செலவு போக இருவருக்குமாக 25,000 ரூபாய் கையில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் 14,000 கூடத் தேறாது. பெண் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. 600-க்கு 521. தம்பி ஒன்பதாம் வகுப்பு. குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதிக்கப்போகும் முதல் ஆள் இவள்.

பெண்ணுக்கு ஏன் உளவியல் என்பதை நான் அதிகம் துருவவில்லை. பள்ளியில் வந்து பேசிய ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) ஒருவரைப் பார்த்துப் பிடித்துப்போயிருக்கிறது. அது போதும். பதினேழு வயதில் அதைவிடப் பெரிய காரணம் யாருக்கும் இருப்பதில்லை.

வந்த திட்டம்

சமவெளியில் ஒரு தனியார் கல்லூரி. அங்கிருந்து மலைக்கு வந்த ஆள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று வருடப் படிப்பு, வருடக் கட்டணம் 1.5 லட்சம், விடுதியும் சாப்பாடும் 1.1 லட்சம், இதர செலவு மூன்று வருடத்துக்கும் சேர்த்துப் பத்தாயிரம். மொத்தம் 7.9 லட்சம். “பேங்க் லோன் நாங்களே பார்த்துக்கறோம்ணா, ஏழரை லட்சம் வரைக்கும் அடமானம் எதுவும் வேணாம்” என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

“ஏழரைன்னு சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு டீச்சர்” என்றார் அப்பா.

அவர் சனியை நினைத்துச் சொன்னார். ஆனால் அந்த எண்ணுக்குள் வேறொரு விஷயம் இருந்தது. வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் நான்கு லட்சம் வரை சொந்தப் பணம் எதுவும் போட வேண்டாம்; அதைத் தாண்டினால் உள்நாட்டுப் படிப்புக்கு ஐந்து விழுக்காடு நாம் போட வேண்டும். மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி 7.5 லட்சம் வரை பொறுப்பேற்பதால் அதுவரை அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்க மாட்டார்கள். இப்போது 7.9 லட்சத்தில் ஐந்து விழுக்காட்டைக் கழித்துப் பாருங்கள். சரியாக 7.5 வந்து நிற்கும். படிப்பின் விலை அந்த வரம்புக்கு ஏற்றாற்போல் வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

வட்டிச் சலுகை கிடைக்கும் என்றும் அந்த ஆள் சொல்லியிருந்தார். அதுவும் சரிவரவில்லை. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியை ஏற்கும் மத்தியத் திட்டம் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கானது. சாதாரண பி.எஸ்சி.யை அதில் நுழைப்பது கடினம். முதல் பட்டதாரிச் சலுகையும் அப்படியே. அரசுக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல், மருத்துவம் போன்றவற்றில் சேர்பவர்களுக்குத்தான் அது. இந்த இரண்டையும் நம்பித்தான் அப்பா தலையாட்டியிருந்தார். (அந்த வருடம் நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டம் வந்தது. தரவரிசைப்படி தேர்ந்தெடுத்த 860 கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அது அப்போது பொருந்தியது. முன்பே வந்திருந்தாலும் அந்தக் கல்லூரி அதில் இல்லை.)

கடன் எவ்வளவாக வளரும்

வங்கிக் கிளையில் வாய்மொழியாகச் சொன்ன வட்டி 10.5 விழுக்காடு. வருடத்துக்கு 2.5 லட்சமாக மூன்று தவணையில் கடன் கல்லூரிக்குப் போகும். படிப்பு மூன்று வருடம், முடிந்து ஒரு வருடம், ஆக நான்கு வருடம் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் தவணைக்கு நான்கு வருட வட்டி, இரண்டாவதற்கு மூன்று, மூன்றாவதற்கு இரண்டு. கூட்டினால் 2,36,250. திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 9,86,250 ரூபாய்.

இதைப் பதினைந்து வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 10,900. பத்து வருடம் என்றால் 13,300. பதினைந்து வருடக் கணக்கில் மொத்தமாகக் கையை விட்டுப் போவது 19.6 லட்சம்.

அந்தப் பிரசுரத்தில் ‘மாணவர்கள் பெற்ற அதிகபட்ச ஆண்டுச் சம்பளம்’ பெரிய எழுத்தில் இருந்தது. அதிகபட்சத்தை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அது ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம். வேண்டியது நடுப்புள்ளி, அதாவது சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. அது கிடைக்கவும் செய்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த தகவலைத் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். மூன்று வருடப் பட்டப்படிப்பில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று வருடவாரியாக இருக்கும். கல்லூரி தேடும் எந்தக் குடும்பமும் பிரசுரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தாளைத்தான். ஒரே குறை, பி.காம்., பி.சி.ஏ., உளவியல் என்று எல்லாப் பாடமும் ஒரே எண்ணில் கலந்து கிடக்கும். அமெரிக்காவில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் படித்தவர் எவ்வளவு சம்பாதிக்கிறார், எவ்வளவு கடனோடு வெளியேறுகிறார் என்று கல்லூரிவாரி, பாடவாரியாக அரசே இணையத்தில் போடுகிறது. நமக்கு அந்த வசதி இல்லை. உளவியலின் சம்பளத்தை வேறு வழியில்தான் பிடிக்க வேண்டும்.

நான் பிடித்த வழி அரசு விளம்பரங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் ஆற்றுப்படுத்துநர் பணிக்கு அவ்வப்போது ஆள் எடுப்பார்கள். உளவியல், சமூகப்பணி, சமூகவியல் பட்டம் போதும். ஒப்பந்த அடிப்படை, தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய். வெறும் பி.எஸ்சி. உளவியலோடு பாடத்துக்குச் சம்பந்தமுள்ள வேலையில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நேர்மையான எண் எனக்குக் கிடைக்கவில்லை. கோவையில் மனிதவளப் பிரிவிலோ அழைப்பு மையத்திலோ இதற்கு முன்னேபின்னே கிடைக்கலாம். ஆனால் அந்த வேலைக்கு உளவியல் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

18,536-இல் 10,900 என்றால் நூற்றுக்கு 59. மிச்சம் ஏழாயிரத்துச் சொச்சத்தில் கோவையில் விடுதி வாடகைதான் கட்டலாம், சாப்பிட முடியாது. பத்து வருடத் தவணை என்றால் நூற்றுக்கு 72.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே என்று பார்த்தால், அமெரிக்க அரசு தொழிற்பயிற்சிச் சான்றிதழ் படிப்புகளுக்கும் லாப நோக்கில் நடக்கும் கல்லூரிகளுக்கும் 2023-இல் வகுத்த விதி ஒன்று உண்டு. படித்து முடித்தவரின் ஆண்டுக் கடன் தவணை அவருடைய ஆண்டு வருமானத்தில் எட்டு விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். (அதில் தவறினாலும், அடிப்படைச் செலவு போக மிஞ்சும் வருமானத்தில் இருபது விழுக்காட்டுக்குள் இருந்தால் தேறிவிடும்.) அந்த எட்டு விழுக்காட்டை நம் பெண்ணுக்கு வைத்தால் மாதம் 1,480 ரூபாய். அந்தத் தவணைக்குத் தாங்கும் கடன் 1.34 லட்சம். நாம் பேசிக்கொண்டிருந்ததோ 9.86 லட்சம். விதியை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தளர்த்தினாலும் எட்டவில்லை.

இங்கிலாந்தில் கடனே வேறு மாதிரி. குறிப்பிட்ட வருமானத்தைத் தாண்டினால் தாண்டிய தொகையில் ஒன்பது விழுக்காடு பிடிப்பார்கள். வேலை இல்லையென்றால் பிடித்தமும் இல்லை. நம் வங்கித் தவணைக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்பது தெரியாது. தேதி வந்தால் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் சிபிலில், அதாவது நம் கடன் வரலாற்றுப் பதிவில், விழும். அதுவும் இரண்டு பேருடைய சிபிலில்.

அப்பாவின் வண்டி

அடமானம் வேண்டாம் என்றால் ஆபத்தும் இல்லை என்று அப்பா நினைத்திருந்தார். கல்விக் கடனில் பெற்றோரில் ஒருவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து 7.5 லட்சமும் அவர் பெயரிலும் நிற்கும். அவர் பிக்கப்புக்கு வயதாகிவிட்டது. ஒவ்வொரு முறை எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும்போதும் ஒரு மாத வருமானம் போகிறது. இரண்டு மூன்று வருடத்தில் வண்டி மாற்றியாக வேண்டும், அதற்குக் கடன் எடுத்தே ஆக வேண்டும். ஃபைனான்ஸ்காரர் சிபிலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இந்தக் கல்விக் கடன்தான்.

வண்டி நின்றால் குடும்பத்தின் பாதி வருமானம் நிற்கும். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டிவந்தால் சில வங்கிகள் ஒரு விழுக்காடு குறைப்பது உண்டு. அதையும் போட்டுப் பார்த்தோம். முதல் வருடம் மாதம் 2,187, மூன்றாம் வருடம் 6,562. மழை மாதங்களில் ஆறாயிரத்து ஐந்நூறு எங்கிருந்து வரும்? இந்த இடத்தில்தான் அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார். “தம்பியும் படிக்கணுமே டீச்சர்.”

இதுவரை சொன்னது எந்தப் பட்டப்படிப்புக்கும் பொருந்தக்கூடிய எச்சரிக்கைதான். உளவியலின் தனிச் சிக்கல் இனிமேல்தான் வருகிறது.

உளவியலில் சம்பளம் எங்கே ஏறுகிறது

பி.காம். படித்தவர் வேலையில் சேர்ந்தால் அனுபவம் ஏற ஏறச் சம்பளம் ஏறும். உளவியலில் பட்டத்தோடு நின்றவருக்குப் பாடத்துக்குள்ளேயே அப்படி ஏறுவது கடினம். பெரிய ஏற்றம் உரிமத்தில்தான் இருக்கிறது. ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று பலகை மாட்டவும் அந்தப் பணியிடத்தில் உட்காரவும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மையப் பதிவேட்டில் பெயர் வேண்டும். பதிவில்லாமல் செய்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிப்பு வரும், சிறையைப் பார்த்தால் வராது.) அந்தப் பதிவுக்கு நெடுங்காலமாக இருந்த வழி பி.எஸ்சி., எம்.எஸ்சி., அதற்கு மேல் கவுன்சில் ஒப்புதல் பெற்ற இரண்டு வருட எம்.ஃபில். இப்போது எம்.ஃபில். விடைபெறுகிறது. இந்தப் பாடத்துக்கு மட்டும் 2025–26 சேர்க்கை வரை யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விலக்குக் கொடுத்திருந்தது. அதற்கு மாற்றாக மருத்துவ உளவியலில் முதுகலை, தொழில்முறை முனைவர் பட்டம் என்று கவுன்சில் புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. பெயர் எதுவானாலும், வெறும் பி.எஸ்சி.க்கு மேல் சில வருடம் படிக்காமல் உரிமம் இல்லை. இடங்களும் குறைவு. தனியாரில் கட்டணம் கனமானது.

எனவே ‘பி.எஸ்சி. உளவியல் கடனைப் பி.எஸ்சி. சம்பளம் தாங்குமா’ என்பதோடு கணக்கை மூடிவிட முடியாது. ‘தாங்காது, ஆனால் மேலே படித்தால் தாங்கும்’ என்று கல்லூரிக்காரர்கள் சொல்லும் பதிலையும் சோதிக்க வேண்டும். சோதித்தோம்.

பி.எஸ்சி.க்கு 7.5 லட்சம் கடன். எம்.எஸ்சி. எப்படியோ கடனில்லாமல் முடிகிறது. உரிமப் படிப்புக்கு இரண்டு வருடத்துக்கு ஐந்து லட்சம் கடன். மேற்படிப்புக்காகப் பழைய கடனின் தவணையை வங்கி தள்ளிவைக்கிறது. தள்ளிவைத்தாலும் வட்டி ஓடும். படிப்பு ஏழு வருடம், அதன் பிறகு ஒரு வருட அவகாசம்; எட்டாவது வருட முடிவில் இரண்டும் சேர்ந்து 19.3 லட்சம். பதினைந்து வருடத் தவணை மாதம் 21,360. உரிமத்தோடு ஆரம்பச் சம்பளம் 35,000 என்று கணக்குக்காக வைத்துக்கொண்டோம். நூற்றுக்கு 61! ஏழு வருடம் படித்து, சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பாகியும், கடன் தின்னும் பங்கு குறையவே இல்லை.

அதுகூட அந்தக் கடன் கிடைத்தால்தான். முதல் படியிலேயே 7.5 லட்சம் தீர்ந்துவிட்டால் அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கி அடமானம் கேட்கும். பட்டா இல்லாத வீட்டை எந்த வங்கி எடுக்கும்? உரிமப் படிப்பின் வாசலில் போய் நிற்கும் நாளில் இந்தப் பெண்ணிடம் கடன் வாங்கும் தகுதியே இருக்காது. பி.எஸ்சி.க்கு வாங்கும் கடனின் உண்மையான விலை வட்டியில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அதையே திருப்பிப் போட்டோம். பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டும் கடனில்லாமல். உரிமப் படிப்புக்கு மட்டும் ஐந்து லட்சம். கட்டத் தொடங்கும்போது 6.31 லட்சம், பதினைந்து வருடத்தில் மாதம் 6,980. முப்பத்தைந்தாயிரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கடினம்தான், ஆனால் மூச்சு விடலாம். அடமானமும் தேவைப்படாது.

எடுத்த முடிவு

கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. உளவியல் இருக்கிறது. அரசுக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தில் அதைத்தான் முதல் விருப்பமாகப் போட்டோம். புத்தகம், கட்டணம் எல்லாம் சேர்த்து வருடம் எட்டாயிரம் ஒதுக்கினோம். அரசு விடுதி கிடைத்தால் தங்குமிடச் செலவு இல்லை. கிடைக்காவிட்டால் தனியார் பெண்கள் விடுதிக்கு மாதம் ஆறாயிரம், வருடத்துக்குப் பத்து மாதம். மூன்று வருடத்துக்கும் கூடிப்போனால் 2.04 லட்சம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும். 36,000 கழித்தால் 1.68 லட்சம்.

பெண் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. அந்தத் தனியார் கல்லூரியின் படங்களில் ஆய்வுக்கூடம் பளபளவென்று இருந்தது. ஆங்கிலம் பேசிப் பழகலாம் என்ற ஆசையும் இருந்தது. அதை நான் அற்பமென்று தள்ளவில்லை. முதுகலைக்கான நுழைவுத் தேர்வுகளில் மதிப்பெண்தான் பேசும், கல்லூரியின் பெயர் பேசாது என்றேன். ஆங்கிலத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அவளே வழி தேடிக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்ல முடிந்தது.

இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் இடம் கிடைத்தது. முதல் வருடம் அரசு விடுதி கிடைக்கவில்லை, இரண்டாம் வருடம் கிடைத்தது. முதல் வருடச் செலவுக்கு அம்மா குழுவில் ஐம்பதாயிரம் எடுத்தார், அடைத்துக்கொண்டிருக்கிறார். வங்கியில் யார் பெயரிலும் கல்விக் கடன் இல்லை. அப்பா 2025-இல் வண்டி மாற்றினார்.

திட்டத்தில் ஒரு பகுதி மட்டும் உடைந்தது. பி.எஸ்சி. முடித்ததும் ஏதாவது வேலையில் சேர்ந்துகொண்டு எம்.எஸ்சி.யைத் தொலைநிலையில் முடிப்பதாகத்தான் வைத்திருந்தோம். அவள் இரண்டாம் வருடம் படிக்கும்போது, 2025 ஆகஸ்டில், உளவியல் உள்ளிட்ட உடல்நலத் துறைப் பாடங்களைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் புதிதாக நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. 2021-ஆம் ஆண்டு வந்த துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தின் கீழ் இந்தப் பாடங்கள் வருவதுதான் காரணம். தரத்துக்கு நல்லது. ஆனால் சம்பாதித்துக்கொண்டே படிக்க நினைத்த மலைக் குடும்பங்களுக்கு இருந்த ஒரே மலிவான பாதை அடைபட்டது. இனி இரண்டு வருடம் வருமானமில்லாமல் நேரடி எம்.எஸ்சி. படிக்க வேண்டும், அரசுக் கல்லூரியானாலும் தங்கிப் படிக்க ஒன்றரை லட்சமாவது ஆகும்.

அதை எப்படிப் புரட்டுவது என்பதில்தான் வீட்டில் இப்போது விவாதம். பி.எஸ்சி. முடித்து ஒரு வருடம் ஆற்றுப்படுத்துநராகவோ, நீலகிரியின் உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆலோசகருக்கு உதவியாகவோ வேலை பார்த்துச் சேர்த்துவிடுகிறேன் என்கிறாள் பெண். உறைவிடப் பள்ளியில் ஒரு லாபம் உண்டு: தங்குமிடமும் சாப்பாடும் பள்ளியிலேயே என்றால் பதினைந்தாயிரம் சம்பளம் கோவையின் இருபத்தைந்தாயிரத்துக்குச் சமம், அப்படியே சேர்த்துவைக்கலாம். அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. “ஒரு வருஷம் படிப்ப விட்டா சொந்தக்காரங்க சம்பந்தம் பேச வந்துடுவாங்க, அப்புறம் எங்க படிக்கறது?” என்கிறார். நான்கு லட்சத்துக்குள்ளான கடனுக்குச் சொந்தப் பணம் போட வேண்டியதில்லை, எம்.எஸ்சி.க்கு ஒன்றரை லட்சம் வாங்கினாலும் உரிமப் படிப்புக்கு ஆறு லட்சம் வரை இடமிருக்கிறது என்று இருவருக்கும் சொல்லியிருக்கிறேன். கணக்குப்படி பெண் சொல்வதுதான் லாபம். ஆனால் அந்த ஒரு வருடத்தில் நின்றுபோன படிப்புகளை எங்கள் பள்ளி மாணவிகளிடம் நிறையவே பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் நான் அம்மா பக்கம்.